ஐந்தாறு பிக்சல் வெளிச்சத்தை வைத்து மறு அயனியாக்கத்தைப் பேசுவது எந்த அளவுக்கு நியாயம்?

பாமரன்:
நான் வானியல் படித்தவன் இல்லை. வேலை எலக்ட்ரானிக்ஸ் பக்கம். சிக்னல், இரைச்சல் என்றால் என்னவென்று தெரியும், அதனாலேயே இந்த விஷயம் உறுத்துகிறது. 2024ல் நேச்சர் இதழில் ஹாகிம் அதெக் குழுவின் கட்டுரை ஒன்று வந்தது. ஆபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்துக்குப் பின்னால் இருக்கும் எட்டு மிக மங்கலான குட்டிக் கேலக்ஸிகளின் நிறமாலையை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் எடுத்து, ஆதிப் பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனை அயனியாக்கிய ஃபோட்டான்களில் பெரும்பங்கு இந்த மாதிரிக் குள்ளக் கேலக்ஸிகளிடமிருந்துதான் வந்தது என்று முடிக்கிறார்கள். எட்டே எட்டு! எங்கள் துறையில் எட்டு சாம்பிளை வைத்து ஒரு பேட்ச் போர்டுக்குக்கூடச் சான்றிதழ் தரமாட்டார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். படத்தில் ஐந்தாறு பிக்சல் அகலத்துக்கு ஒரு மங்கல். அதன் வெளிச்சத்தை எப்படி அளக்கிறார்கள், அந்த எண்ணிலிருந்து "பிரபஞ்சம் முழுக்க அயனியானது இவர்களால்தான்" என்ற இடத்துக்கு எப்படிப் போகிறார்கள்? நடுவில் எத்தனை ஊகம்? திட்டாமல் சொல்லுங்கள்.

அண்டங்காக்கை:
திட்ட மாட்டோம், வாருங்கள். பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து ஹைட்ரஜன் நடுநிலையானது. அப்புறம் முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கி, அவற்றின் புற ஊதா ஒளி அந்த ஹைட்ரஜனை மறுபடி உடைத்தது, இதுதான் மறு அயனியாக்கம். செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு, எண் கூடக் கூடப் பழைய காலம்) 5.5, 6 வாக்கில், அதாவது பெருவெடிப்பிலிருந்து ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளில், வேலை முடிந்துவிட்டது. இதில் பெரிய சண்டை இல்லை. யார் உடைத்தார்கள், எப்போது தொடங்கினார்கள் என்பதில்தான் சண்டை.

இனி உங்கள் கேள்வி. ஹைட்ரஜனை உடைக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அலைநீளத்தில் சொன்னால் 91.2 நானோமீட்டரும் அதற்குக் கீழும். இந்த ஒளியை அந்தக் காலத்துக் கேலக்ஸிகளிடமிருந்து நாம் பார்க்கவே முடியாது. வழியில் உள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். செம்பெயர்ச்சி 4ஐத் தாண்டினாலே கிட்டத்தட்ட கைவிட வேண்டியதுதான். அதனால் எல்லோரும் அளப்பது 150 நானோமீட்டர் பக்கத்து ஒளியை. அதுவும் இளம் விண்மீன்களின் ஒளிதான், ஆனால் ஹைட்ரஜனை உடைக்கிற ஒளி இல்லை. அதிலிருந்து மூன்று பெருக்கல்: மொத்தப் புற ஊதா வெளிச்சம் எவ்வளவு, அந்த வெளிச்சத்துக்கு எத்தனை அயனியாக்கும் ஃபோட்டான் உற்பத்தியாகிறது, அதில் எவ்வளவு கேலக்ஸியை விட்டு வெளியே தப்புகிறது. முதலாவது அளவு. இரண்டாவது பாதி அளவு பாதி மாதிரி. மூன்றாவதை அந்தக் காலத்துக் கேலக்ஸிகளில் நேரே அளக்க வழியே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

செவ்வாய்தோஷம்:
அப்படி நேரடியாகச் சொல்லுங்கள் காக்கை. தேவையானதைப் பார்க்க முடியாது, அதனால் பார்க்க முடிந்ததை அளக்கிறோம்.

முதலாவதுகூட அளவு என்று இவ்வளவு தெம்பாகச் சொல்லாதீர்கள். சியர்ஸ்-93316 ஞாபகம் இருக்கிறதா? 2022ல் வெப் படங்கள் வந்த சூட்டோடு சூடாக, செம்பெயர்ச்சி 16.4, பெருவெடிப்புக்கு 25 கோடி ஆண்டுகளுக்குள் இருந்த கேலக்ஸி என்று கொண்டாடினார்கள். அடுத்த வருடம் நிறமாலை எடுத்துப் பார்த்தால் 4.9! ஆக்சிஜன் கோடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடும் சரியாக நான்கு நீண்ட அலைநீள ஃபில்டர்களில் விழுந்து, தூசியும் சேர்ந்துகொண்டு, தொலைதூரக் கேலக்ஸி மாதிரி வேஷம் போட்டிருந்தன. வெளிச்சத்தை அளந்ததில் தப்பே இல்லை, எண் சரியான எண். ஆனால் பொருளே வேறு.

அண்டங்காக்கை:
சியர்ஸ் கதை உண்மைதான். ஆனால் அதே குழு அதே சமயத்தில் நிறமாலை எடுத்த மெய்சியின் கேலக்ஸி 11.4 என்று உறுதியானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிடைத்த தோல்வியை மட்டும் எடுத்து மாலையாகக் கோக்காதீர்கள்.

பாமரன், அளக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இதில்தான் உங்கள் துறை ஆளுக்குப் பிடித்த விஷயங்கள் இருக்கின்றன. செம்பெயர்ச்சி 9.5ல் ஒரு கேலக்ஸி என்று வைத்துக்கொள்வோம். அதன் 121.6 நானோமீட்டருக்குக் கீழான ஒளி எல்லாம் நடுநிலை ஹைட்ரஜனால் அறுபட்டுவிடும், அந்த வெட்டு நம்மை வந்து சேரும்போது 1.28 மைக்ரானில் நிற்கும். வெப்பின் எஃப்115டபிள்யூ ஃபில்டர் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. எனவே அந்தப் படத்தில் வெற்று வானம், அடுத்த எஃப்150டபிள்யூ படத்தில் ஒரு புள்ளி. இந்தக் காணாமல் போகும் உத்தியை 1990களில் சார்லஸ் ஸ்டைடல் குழு செம்பெயர்ச்சி 3ல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது, இன்றுவரை அதேதான்.

அந்தப் புள்ளியின் மீது 0.2 அல்லது 0.3 ஆர்க்செகண்ட் விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே இருக்கும் ஒளியைக் கூட்டுகிறோம். வட்டத்துக்கு வெளியே சிந்தியதற்கு ஒரு திருத்தம். ஒவ்வொரு ஃபில்டரிலும் புள்ளி பரவும் அகலம் வேறு, 4.4 மைக்ரானில் 1.5 மைக்ரானைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அதனால் கூர்மையான படங்களை வேண்டுமென்றே மங்கலாக்கி ஒரே அகலத்துக்குக் கொண்டுவருகிறோம். வருகிற எண் 10 நானோ ஜான்ஸ்கி (வெளிச்சத்தின் அலகு) என்றால் 28.9 மேக்னிட்யூட், இந்த எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம். 9.5 செம்பெயர்ச்சியில் அது தனி மேக்னிட்யூடாக, அதாவது தொலைவின் விளைவை நீக்கிய சொந்த வெளிச்சமாக, −18.5 சொச்சம்.

இதில் கஷ்டம் சிக்னலில் இல்லை, இரைச்சலில். பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படங்களை ஒரே கட்டத்தில் அடுக்கும்போது பக்கத்துப் பக்கத்து பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிக்சலுக்குப் பிக்சல் சிதறலை எடுத்து வர்க்கமூலம் போட்டால் பிழை மிகச் சிறியதாகத் தெரியும், அது பொய். அதனால் எதுவும் இல்லாத வானத்தில் ஆயிரக்கணக்கான வெற்று வட்டங்களைப் போட்டு, அவற்றில் கிடைக்கும் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்து அதையே பிழையாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு கட்டுரையில் இந்த வெற்று வட்டச் சோதனை இல்லை என்றால் நான் அடுத்த பக்கம் திருப்ப மாட்டேன்.

பாமரன்:
அட, இது நம்ம ஊர்ப் பாஷை. டிடெக்டரின் சொந்த இரைச்சல் எப்படி? 1/எஃப், அதாவது அதிர்வெண் குறையக் குறையக் கூடும் இரைச்சல், உண்டா?

அண்டங்காக்கை:
உண்டாவது! படத்தில் கிடைமட்டமாகக் கோடு கோடாகத் தெரியும், வரிசை வரிசையாக மீடியன் எடுத்துக் கழிக்க வேண்டும், கழிக்கும்போது பெரிய கேலக்ஸியின் ஓரத்தையும் சேர்த்துக் கழித்துவிடக் கூடாது. போதாததற்குச் சிதறல் ஒளியால் வரும் புகைக்கீற்றுகள், காஸ்மிக் கதிர் அடித்து வட்டமாகப் பொங்கும் பனிப்பந்துகள். 2022 ஜூலையில் ஏவுதலுக்கு முந்தைய அளவுத்திருத்தத்தை வைத்து முதல் கட்டுரைகள் ஓடின. விண்ணில் டிடெக்டர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வது தெரிந்ததும் சில வாரங்களில் எண்கள் மாறின, சில கேலக்ஸிகள் பட்டியலிலிருந்தே கழன்று விழுந்தன. இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது. இன்றைக்கு 29 மேக்னிட்யூட் கேலக்ஸியின் வெளிச்சத்தில் பத்து, இருபது சதவீதப் பிழை என்றால் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

லென்ஸ் மாமா:
காக்கை சொன்னது வெறும் வானத்துக்கு. பாமரன் கேட்டது லென்ஸுக்கு, அதாவது ஈர்ப்பால் ஒளியை வளைத்துப் பெருக்கிக் காட்டும் கேலக்ஸிக் கொத்துக்கு, பின்னால் இருக்கும் எட்டுப் பேரைப் பற்றி. அங்கே பிரச்சினையே வேறு.

செம்பெயர்ச்சி 7ல் தோற்ற மேக்னிட்யூடிலிருந்து சுமார் 47ஐக் கழித்தால் தனி மேக்னிட்யூட். அதெக் குழு பார்த்தது −17 முதல் −15 வரை. −15 என்றால் லென்ஸ் இல்லாமல் 32, வெப்புக்குக்கூட அதன் நிறமாலை எட்டாக்கனி. கொத்தின் ஈர்ப்பு பத்து மடங்கு பெருக்கிக் காட்டினால் 2.5 மேக்னிட்யூட் லாபம், 29.5க்கு வந்துவிடும். ஆனால் இலவசமாக எதுவும் வராது. பத்து மடங்கு பெருக்கினால் பின்னால் நீங்கள் பார்க்கும் பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கும். பெருக்கத்தை மேலே சொன்னால் கேலக்ஸி மங்கலாகும், அதைத் தேடிய பரப்பும் சுருங்கும், எண்ணிக்கை அடர்த்தி ஏறும். ஒரே பிழை இரண்டு பக்கமும் கடிக்கும்.

ஹப்பிள் இப்படிப்பட்ட கொத்துகளை ஆழமாகப் படமெடுத்த ஃபிரண்டியர் ஃபீல்ட்ஸ் திட்டக் காலத்துச் சண்டையைக் கேளுங்கள். ஆறு கொத்துகள், ஹப்பிள் பூமியை 840 தடவை சுற்றும் நேரம். 2017ல் ரேச்சல் லிவர்மோர், ஸ்டீவன் ஃபிங்கல்ஸ்டீன், ஜெனிஃபர் லாட்ஸ் மூவரும் கொத்துக் கேலக்ஸிகளின் வெளிச்சத்தை வேவ்லெட் முறையில் உரித்தெடுத்து, பின்னால் −12.5 வரைக்கும் கேலக்ஸிகள் குறையாமல் ஏறிக்கொண்டே போகின்றன என்றார்கள். அதே வருடம் ரிச்சர்ட் போவன்ஸ் குழு, பெருக்கம் 30ஐத் தாண்டினால் லென்ஸ் மாதிரிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அதற்கு மேல் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது என்று போட்டுடைத்தார்கள். ஒரே கொத்துக்கு கேட்ஸ், கிளாஃபிக், கிரேல் என்று பல குழுக்களின் மாதிரிகள் இருக்கின்றன. உச்சப் பெருக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்று 20 சொல்லும், இன்னொன்று 50 சொல்லும்.

அதைவிட நுணுக்கமானது அளவு விஷயம். மங்கலான கேலக்ஸி உண்மையில் எவ்வளவு பெரியது? பெரியது என்று வைத்துக்கொண்டால், லென்ஸ் அதை வில்லாக இழுக்கும்போது வெளிச்சம் பல பிக்சல்களில் பரவி இரைச்சலில் மூழ்கிவிடும், அப்போது "நாம் பார்த்தது ஒன்று, தவறவிட்டது ஒன்பது" என்று திருத்தம் போட வேண்டும். சின்னது என்றால் தவறவிட வாய்ப்புக் குறைவு, திருத்தமும் குறைவு. போவன்ஸ் குழு சின்னவைதான் என்று காட்டியதும் மங்கலாக ஆக எண்ணிக்கை எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் வளைவின் செங்குத்து குறைந்து சாய்வு −1.91க்கு வந்தது. வானத்தில் ஒன்றும் மாறவில்லை, அளவு பற்றிய ஊகம் மட்டும் மாறியது.

கடைசி பெஞ்ச்:
சாய்வு −1.91, −2 என்று பேசுகிறீர்கள். 0.1க்கு ஏன் இவ்வளவு ரத்தம் சிந்துகிறீர்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மின்மினி:
நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த கணக்கு.

எந்த வெளிச்சத்தில் எத்தனை கேலக்ஸி என்று வரைந்தால் வருவது ஒளிர்வுச் சார்பு. பால் ஷெக்டர் 1976ல் கொடுத்த வடிவம்: பிரகாசமான பக்கம் செங்குத்தாக விழும், மங்கலான பக்கம் ஒரு அடுக்காக ஏறும். சாய்வு சரியாக −2 என்று வையுங்கள். ஒரு மேக்னிட்யூட் மங்கலானால் ஒவ்வொன்றின் வெளிச்சமும் 2.5 மடங்கு குறையும், எண்ணிக்கை 2.5 மடங்கு கூடும். ஆக ஒவ்வொரு மேக்னிட்யூட் படியிலும் மொத்த வெளிச்சம் சமம். −21லிருந்து −17 வரை நான்கு படி, −17லிருந்து −13 வரை இன்னொரு நான்கு படி, இரண்டும் சமம்! லென்ஸ் இல்லாத ஹப்பிள் ஆழப்படங்கள் நின்றது −17 பக்கம். அதாவது −13 வரைக்கும் கேலக்ஸிகள் இருந்தால் பாதி வெளிச்சம் நாம் பார்த்ததில் இல்லவே இல்லை. சாய்வு −2ஐவிடச் செங்குத்தானால் மங்கலானவர்களே அதிகம் தருகிறார்கள், கணக்கை எங்காவது நிறுத்தாவிட்டால் மொத்தம் முடிவிலிக்குப் போகும். எங்கே நிறுத்துவது என்பது அளவு இல்லை. கேலக்ஸிகளைத் தாங்கும் இருள்பொருள் திரள்களில் மிகச் சிறியவற்றில் வாயு குளிர்ந்து விண்மீன் பிறக்க முடியாது, புற ஊதா சூடாக்கி விரட்டிவிடும் என்ற கோட்பாட்டு வாதம். செம்பெயர்ச்சி 4ல் சாய்வு −1.6 வாக்கில் இருந்து 8ல் −2ஐத் தொடுகிறது, அதனால்தான் ஒவ்வொரு 0.1க்கும் ரத்தம்.

காக்கை வெளிச்சத்தை அளப்பதைச் சொன்னார், எண்ணுவதைச் சொல்லவில்லை. உண்மைப் படத்தில் கணினி செய்த போலிக் கேலக்ஸிகளை ஆயிரக்கணக்கில் தூவி, அதே மென்பொருளை ஓட்டி எத்தனை திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்போம். 28ல் பத்துக்கு ஒன்பது, 29.5ல் பத்துக்கு மூன்று என்கிற மாதிரி ஒரு வளைவு வரும், அதைக் கொண்டு வகுத்துத் திருத்துவோம். விளிம்பில் இன்னொரு வம்பு: மங்கலானவை எண்ணிக்கையில் அதிகம் என்பதால், இரைச்சலால் கோட்டுக்கு மேலே ஏறிவருபவை கீழே இறங்குபவற்றைவிட அதிகம். எடிங்டன் சாய்மானம் என்பார்கள். அதையும் கழிக்க வேண்டும்.

பாமரன்:
மின்மினி, அருமை. இப்போது எட்டுப் பேர் ஏன் முக்கியம் என்று புரிகிறது, −17க்குக் கீழே நிறமாலையோடு கிடைத்த முதல் கூட்டம். ஆனால் எட்டுப் பேரை வைத்து எண்ணிக்கை எப்படிச் சொன்னார்கள்?

லென்ஸ் மாமா:
அதெக் குழு எண்ணிக்கையை இந்த எட்டிலிருந்து மட்டும் எடுக்கவில்லை, ஒளிர்வுச் சார்பு பெரும்பாலும் முன்பே இருந்தது, நிறமாலை அதை உறுதிப்படுத்தத்தான். எட்டுப் பேர் புதிதாகத் தந்தது காக்கை சொன்ன இரண்டாவது எண்ணை, அயனியாக்கும் ஃபோட்டான் உற்பத்தித் திறனை. அதன் மடக்கை 25.8 என்று கிடைத்தது. பழைய கணக்குகளில் 25.2 என்று போட்டுக்கொண்டிருந்தோம். மடக்கையில் 0.6 என்றால் நான்கு மடங்கு! முன்பு ஃபோட்டான்களில் 20 சதவீதம் தப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது, இப்போது 5 சதவீதம் தப்பினால் போதும். "குள்ளர்கள்தான் செய்தார்கள்" என்ற தலைப்பு அங்கிருந்து வருகிறது.

என் சந்தேகம் இடத்தைப் பற்றி. ஆபெல் 2744க்குப் பின்னால் செம்பெயர்ச்சி 7.9ல் ஒரு முதிராக் கொத்து (உருவாகிக்கொண்டிருக்கும் கேலக்ஸிக் கூட்டம்) இருப்பது தெரியும், லென்ஸ் காட்டும் கன அளவோ மிகச் சின்னது. ஒரே இடத்தை வைத்து ஊருக்கே சராசரி சொல்வது ஆபத்து. அதனால்தான் ஆபெல் எஸ்1063 என்ற இன்னொரு கொத்தின் பக்கம் வெப்பின் கிளிம்ப்ஸ் திட்டத்துக்கு நூறு மணி நேரத்துக்கும் மேல் கொடுத்தார்கள்.

செவ்வாய்தோஷம்:
சரி, நான்கு மடங்கு என்று சந்தோஷப்பட்டீர்களா? அங்கேதான் அடுத்த தலைவலி. 2024ல் ஜூலியன் முன்யோஸும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். வெப் காட்டும் கேலக்ஸி எண்ணிக்கை, வெப் காட்டும் உற்பத்தித் திறன், பக்கத்துக் கேலக்ஸிகளில் அளந்த தப்பிப்பு விகிதம், மூன்றையும் நேர்மையாகப் பெருக்கினால் பிரபஞ்சம் செம்பெயர்ச்சி 8, 9லேயே அயனியாகி முடிந்துவிடுகிறது. பிளாங்க் செயற்கைக்கோள் ஒத்துக்கொள்ளாது, குவேசார் (தொலைதூரத்தில் பளிச்சென்று எரியும் கருந்துளை மையங்கள்) நிறமாலைகளும் ஒத்துக்கொள்ளாது. பத்து வருடம் முன்பு ஃபோட்டான் போதவில்லை என்று அழுதார்கள், இப்போது கூடிப்போச்சு என்று அழுகிறார்கள்.

நான் கேட்பது இதுதான்: தப்பிப்பு விகிதத்தை வேண்டியபடி திருகிக்கொள்ளும் வசதி இருக்கும்வரை வெளிச்சத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தால்தான் என்ன?

கடைசி பெஞ்ச்:
பிளாங்க் எங்கே வந்தது நடுவில்?

மின்மினி:
பிரபஞ்சப் பின்னணி நுண்ணலை நம்மை நோக்கி வரும் வழியில், அயனியாக்கத்தால் விடுபட்ட எலக்ட்ரான்களில் மோதிச் சிதறும். எவ்வளவு சிதறியது என்பது அயனியாக்கம் எவ்வளவு சீக்கிரம் நடந்தது என்பதற்கு ஒரு மொத்தக் கணக்கு. பிளாங்கின் 2018 முடிவு 0.054, கூட்டல் கழித்தல் 0.007. நூற்றுக்கு ஐந்து ஃபோட்டான் சிதறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி அயனியான நேரம் செம்பெயர்ச்சி 7.7 பக்கம் என்று வருகிறது. 2003ல் பிளாங்குக்கு முந்தைய செயற்கைக்கோளான டபிள்யூமேப்பின் முதல் வருட முடிவு 0.17 சொன்னது, அதை நம்பி மிகச் சீக்கிரமே எரிந்த அசுர விண்மீன்கள் என்று அலமாரி அலமாரியாகக் கட்டுரை எழுதினார்கள், எண் இறங்க இறங்க அவை காணாமல் போயின. கேலக்ஸிகளை எண்ணிப் பெருக்கும் எந்தக் கணக்கும் கடைசியில் இந்த 0.054 முன்னால் கைகட்டி நின்றாக வேண்டும்.

அண்டங்காக்கை:
தோஷம் கேட்டது நியாயம், ஆனால் விடை "ஒன்றும் தெரியாது" இல்லை.

முன்யோஸ் கணக்கில் பலவீனமான கண்ணி உற்பத்தித் திறன்தான் என்பது என் கணிப்பு. அதை எப்படி அளக்கிறோம்? ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டை வைத்து. அயனியாக்கும் ஃபோட்டான் கேலக்ஸிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு ஹைட்ரஜனை உடைக்கும், அது மறுபடி சேரும்போது இந்தக் கோடு வரும். கல்யாணப் பந்தியில் எச்சில் இலையை எண்ணி எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வது மாதிரி, சாப்பிடாமல் கிளம்பிப் போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நமக்கு வேண்டியதோ சாப்பிடாமல் போனவர்களை! அது போகட்டும். நிறமாலை எடுக்க யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்? கோடு பளிச்சென்று தெரியும் கேலக்ஸியை. அதாவது அந்த நேரத்தில் விண்மீன் பிறப்பு வெடித்துக்கொண்டிருப்பவர்களை. வெடித்து ஓய்ந்தவர்கள் பட்டியலில் வருவதே இல்லை. ஷார்லட் சிம்மண்ட்ஸ் குழு வெப்பின் ஜேட்ஸ் ஆய்விலிருந்து 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளை, கோடு தெரிகிறதா இல்லையா என்று பார்க்காமல், நிறை அடிப்படையில் முழுமையாக எடுத்தபோது சராசரி இறங்கியது, ஃபோட்டான் மிகுதியும் பெருமளவு அடங்கியது. பாமரனுக்கு இது சாம்பிள் எடுக்கும் பாடம், உங்கள் துறையிலும் இருக்கும்.

தப்பிப்பு விகிதத்துக்கு வருவோம். செம்பெயர்ச்சி 0.3 பக்கம் 66 கேலக்ஸிகளை ஹப்பிளின் காஸ் என்ற புற ஊதா நிறமாலைக் கருவியால் பார்த்தார்கள், நேரடியாகவே 91.2க்குக் கீழ். 35ல் கசிவு தெரிந்தது. யார் அதிகம் கசிய விடுகிறார்கள்? நீலமாக, தூசி குறைவாக, கச்சிதமாக இருப்பவர்கள். தொலைதூரக் குட்டிகளும் நீலமாகத்தான் இருக்கின்றன, அதனால் நிறத்தைப் பார்த்து விகிதத்தை ஊகிக்கலாம். நேரளவு இல்லைதான், இருந்தாலும் திருகுவதற்கு எல்லை உண்டு, 5 வேண்டும் என்றால் 5, 50 வேண்டும் என்றால் 50 என்று போட முடியாது. நம்ம ஆஸ்ட்ரோசாட்டும் இதில் உண்டு: 2020ல் புணே ஐயூகாவின் கனக் சாஹா குழு, யூவிஐடி தொலைநோக்கி வைத்து செம்பெயர்ச்சி 1.42ல் ஒரு கேலக்ஸியிலிருந்து அயனியாக்கும் ஒளி நேராகக் கசிவதைக் காட்டியது. விகிதம் 20 சதவீதத்துக்கு மேல். 38 சென்டிமீட்டர்க் குழல்! பின்புல இரைச்சல் மிகக் குறைவு என்பதால் அது முடிந்தது.

செவ்வாய்தோஷம்:
யூவிஐடிக்கு என் சலாம், அதில் தகராறு இல்லை. ஆனால் செம்பெயர்ச்சி 0.3ல் பிரபஞ்சத்துக்கு வயது ஆயிரம் கோடி. அங்கே நீலமாக இருக்கும் கேலக்ஸியும் 7ல் நீலமாக இருக்கும் கேலக்ஸியும் ஒரே மாதிரி கசிகின்றன என்பது உங்கள் நம்பிக்கை.

அண்டங்காக்கை:
ஊகம், நம்பிக்கை இல்லை. சோதிக்க முடிகிற ஊகம், பெருக்கி வந்தது 0.054ஓடு ஒத்துப்போக வேண்டும் என்று மின்மினி சொன்னாரே.

கடைசி பெஞ்ச்:
எல்லோரும் குள்ளர்களையே பேசுகிறீர்கள். செய்தியில் வருவதெல்லாம் பிரகாசமான ஆட்கள், ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0, அப்புறம் 2025ல் மாம்-இசட்14. அவர்களுக்கு இதில் பங்கு இல்லையா?

மின்மினி:
மறு அயனியாக்கத்தை முடித்ததில் பங்கு சொற்பம், எண்ணிக்கை அவ்வளவு குறைவு. ஆனால் அவர்கள் வேறு வகையில் தலைவலி. ஜேட்ஸ் ஆள் −20.8, முதலில் 14.32 என்றார்கள், அல்மா ரேடியோ தொலைநோக்கி ஆக்சிஜன் கோட்டைப் பிடித்து 14.18 ஆக்கியது. மாம் 14.44, பெருவெடிப்புக்கு 28 கோடி ஆண்டுகள் கழித்து. இவ்வளவு பிரகாசமானவர்கள் இவ்வளவு பேர் இருக்கக் கூடாது என்றுதான் வெப்புக்கு முந்தைய மாதிரிகள் சொன்னன. விண்மீன் பிறப்பு விட்டு விட்டு வெடிப்பதால் சிலர் தற்காலிகமாகப் பிரகாசமாகத் தெரிகிறார்களா, தூசி இல்லாததா, பெரிய விண்மீன்கள் அதிகமா, நடுவில் கருந்துளை இருக்கிறதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விட்டு விட்டு வெடிப்பது என்றால் நாம் அளக்கும் புற ஊதா வெளிச்சம் அந்தக் கணத்தின் வெளிச்சம், சராசரி இல்லை. அது குள்ளர்களின் கணக்கையும் தொடும்.

இன்னொன்று, 2025ல் நேச்சரில் யோரிஸ் விட்ஸ்டாக் குழு ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்13-1ல் லைமன் ஆல்ஃபா கோட்டை (ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் ஒளி) காட்டியது, செம்பெயர்ச்சி 13ல். சுற்றிலும் நடுநிலை ஹைட்ரஜன் என்றால் அந்தக் கோடு வெளியே வரவே கூடாது. தன்னைச் சுற்றி ஒரு குமிழியை அது அதற்குள் அயனியாக்கிவிட்டது என்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

லென்ஸ் மாமா:
ஹைட்ரஜனையே நேராகக் கேட்கும் வழி, நடுநிலை ஹைட்ரஜனுக்கே உரிய 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை. 2018ல் எட்ஜஸ் குழு 78 மெகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் கண்டோம் என்றது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் சராஸ் 3 கருவியைக் கர்நாடகாவின் ஏரித் தண்ணீரில் மிதக்க விட்டு அளந்து, அந்தப் பள்ளம் வானத்தில் இல்லை என்று 2022ல் சொன்னார்கள். இழை திசை மாறிவிடும், இதோடு நிறுத்துகிறேன்.

பாமரன்:
நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. நான் பயந்தது வெளிச்சத்தை அளக்கும் பிழையை. நீங்கள் எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் அது பத்து, இருபது சதவீதம், லென்ஸ் பெருக்கத்தில் இரண்டு மடங்கு, உற்பத்தித் திறனில் சில மடங்கு, தப்பிப்பு விகிதத்தில் அதற்கும் மேல். சரிதானே? நானே ஒரு படத்தை எடுத்து வட்டம் போட்டுப் பார்க்க ஆசை, எங்கே தொடங்குவது?

அண்டங்காக்கை:
வரிசை சரி. ஆபெல் 2744 படங்கள் அன்கவர் திட்டத்தில் பொதுவெளியில் கிடைக்கின்றன, பட்டியலில் ஒவ்வொரு கேலக்ஸிக்கும் பெருக்கம் என்று ஒரு நிரல் இருக்கும். முதலில் பெருக்கம் 3க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எடுங்கள், லென்ஸ் தொல்லை இல்லாமல் கை பழகும். பைத்தானில் வெளிச்சம் அளக்கும் ஃபோட்யூட்டில்ஸ் தொகுப்பு போதும். எஃப்115டபிள்யூவில் இல்லாமல் எஃப்150டபிள்யூவில் இருப்பதைத் தேடுங்கள், எஃப்090டபிள்யூ படம் இருந்தால் அதிலும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

லென்ஸ் மாமா:
கொத்தின் நடுவில் இருக்கும் பெரிய கேலக்ஸிகள் பக்கம் போகாதீர்கள். அவற்றின் மங்கலான ஒளி படம் முழுக்கப் பரவியிருக்கும், அதைக் கழிக்கத் தெரியாமல் வட்டம் போட்டால் எல்லாமே பிரகாசமாகத்தான் தெரியும்.

செவ்வாய்தோஷம்:
கேலக்ஸி கிடைத்ததும் இங்கே கொண்டுவந்து காட்டுங்கள். வெற்று வட்டங்களின் சிதறல் படமும் சேர்த்து.